தர்மபுரி மேட்டில் ஓட்டிப் பழகினால் கடலோரம் கிராவல் சைக்கிள் ஓட்ட முடியுமா?

ஓசூரிலிருந்து ஒரு தம்பி கேட்டது: "40 மி.மீ. டயர் போட்ட கிராவல் சைக்கிள் வாங்கியிருக்கிறேன். ஜனவரியில் கன்னியாகுமரி மாவட்டத்தில் கடலை ஒட்டியே மண், பாறை, மணல் என்று இரண்டு மூன்று நாள் ஓட்ட ஆசை. நம் தர்மபுரி, கிருஷ்ணகிரியில் கடலும் இல்லை, மணலும் இல்லை. இங்கே பழகினால் அங்கே உதவுமா? டயரில் எவ்வளவு காற்று வைப்பது?"

2024 செப்டம்பர் 15

நிச்சயமாக உதவும். நான் பாலக்கோடு தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறவன். விடியற்காலை ஏலம் தொடங்கினால் பதினொரு மணிக்குள் என் வேலை முடிந்துவிடும். சாயங்காலம் முழுக்க சைக்கிள்தான். மாரண்டஅள்ளி, பஞ்சப்பள்ளி, ராயக்கோட்டைப் பக்கம் ஆறு வருடமாகச் சுற்றுகிறேன். கடலோரம் இதுவரை ஓட்டியதில்லை, ஆகவே நம் ஊர் மண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இந்தச் சைக்கிளோடு முதல்முதலாக டீக்கடையில் போய் நின்றபோது கடைக்காரர், "கிராவல் சைக்கிளா? எத்தனை சட்டி மண்ணு ஏத்தலாம்?" என்று கேட்டார். நம் பக்கம் கிராவல் என்றால் ரோடு போடுவதற்கு முன் டிப்பரில் கொண்டுவந்து கொட்டும் செம்மண் சரளை. அவர் கேட்டதில் தப்பே இல்லை. அந்த மண்மேல் ஓட்டத்தான் இந்தச் சைக்கிளையே செய்திருக்கிறார்கள்.

கிராவல் கொட்டி உருளை ஓட்டிய பாதை சுகமானது, அதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. ஜல்லி மட்டும் பரப்பிவிட்டு தார் வராமல் மாதக்கணக்கில் கிடக்கும் ரோட்டைத் தேடிப் போங்கள். ஒன்றரை இஞ்ச் ஜல்லி சக்கரத்துக்கு அடியில் உருளும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் சைக்கிள் முரண்டு பிடிக்கும், கையைத் தளர்த்தினால் அதுவே வழி கண்டுபிடித்துக்கொள்ளும். இது கைக்கு விளங்க எனக்கு மூன்று மாதம் ஆனது. முழங்கை மடங்கியிருக்க வேண்டும், பார்வை முன் சக்கரத்தில் நிற்காமல் பத்தடி முன்னால் போக வேண்டும். கேழ்வரகுக் கொல்லைகளுக்கு நடுவே போகும் வண்டிப்பாதையில் சக்கரத் தடம் இரண்டு இருக்கும், நடுவில் புல் முதுகு. ஒரு தடத்திலிருந்து மற்றதற்கு விழாமல் மாறப் பழகுங்கள். வேறு பயிற்சி தேவையில்லை.

டயரில் காற்று 45 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வையுங்கள்.

செப்டம்பர் 16

முள்ளை மறந்துவிட்டேன். நம் பக்கம் ஏரிக்கரை முழுக்க சீமைக்கருவேலம், தரையில் நெருஞ்சி. டியூப் போட்டு ஓட்டிய காலத்தில் ஒரே சாயங்காலம் மூன்று பஞ்சர் பார்த்திருக்கிறேன். டியூப்லெஸ் மாற்றி உள்ளே சீலன்ட் (துளையை அடைக்கும் திரவம்) ஊற்றியபின் பஞ்சர் பயம் போனது. போன வாரம் கருவேல முள் ஒன்றை டயரிலிருந்து பிடுங்கினேன், கட்டைவிரல் நீளம். துளையில் வெள்ளையாக நுரை வந்தது, அந்த இடம் தரையில் படும்படி சக்கரத்தைத் திருப்பி வைத்தேன், பத்து எண்ணுவதற்குள் சீறல் நின்றது. வெயில் ஊரில் சீலன்ட் சீக்கிரம் காயும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குலுக்கிப் பாருங்கள், சளசளவென்று சத்தம் வராவிட்டால் ஊற்ற வேண்டிய நேரம்.

செப்டம்பர் 29

இதற்கென்று தனிச் சைக்கிள் வேண்டுமா, பழைய சைக்கிளில் போக முடியாதா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, இரண்டு நாளாக இதே நினைப்பு.

என் அப்பா பால் ஊற்றியது 28 இஞ்ச் கறுப்புச் சைக்கிளில். கேரியரின் இரண்டு பக்கமும் கேன். அந்த டயரின் பக்கவாட்டில் 28 × 1½ என்று போட்டிருக்கும். ஒன்றரை இஞ்ச் என்றால் 38 மி.மீ. இன்றைக்கு கிராவல் டயர் என்று விற்பது 38, 40, 42. அதே அகலம்தான்! அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் கப்பி ரோடு, அதற்கு ஏற்ற டயரைத்தான் போட்டார்கள். தார் வழவழப்பானதும் ரேஸ் சைக்கிள் டயர் 23 மி.மீ. வரைக்கும் மெலிந்துபோனது. இப்போது உலகம் முழுக்க மறுபடியும் அகலத்துக்குத் திரும்பியிருக்கிறார்கள். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தின் எம்போரியா ஊரில் 2006இல் தொடங்கிய 200 மைல் மண்சாலைப் பந்தயம் இன்று பெரிய பெயர். உலக சைக்கிள் சம்மேளனம் கிராவலுக்கென்று உலக சாம்பியன்ஷிப் நடத்தத் தொடங்கியது 2022இல், இத்தாலியில்.

வேறுபாடு அகலத்தில் இல்லை. டிஸ்க் பிரேக், மேடேற கியர், டியூப் இல்லாததால் காற்றைக் குறைத்து ஓட்டும் வசதி, எடையில் பாதி. அப்பாவின் சைக்கிளில் கம்பி பிரேக். மழையில் ரிம் நனைந்தால் பிரேக் பிடித்தும் பிடிக்காததும் ஒன்றுதான், காலைத் தரையில் தேய்த்து நிறுத்துவார். செருப்பு முன்பக்கம் மட்டும் தேய்ந்திருக்கும்.

ஆகவே பதில்: இருப்பதில் தொடங்குங்கள். ஹைபிரிட் சைக்கிளில் 38 டயர் நுழைந்தால் அதுவே போதும்.

அக்டோபர் 13

45 பி.எஸ்.ஐ. என்று எழுதியது தப்பு. யாராவது அப்படியே வைத்து ஓட்டிக்கொண்டிருந்தால் குறையுங்கள்.

பஞ்சப்பள்ளி அணைப் பக்கம் நான்கு கிலோமீட்டர் கரடான பாதை ஒன்று உண்டு. ஒரே பாதையை நான்கு சாயங்காலம், ஒவ்வொரு நாளும் நான்கு பி.எஸ்.ஐ. குறைத்து ஓட்டிப் பார்த்தேன். என் எடை 72 கிலோ. 45இல் சைக்கிள் ஒவ்வொரு கல்லிலும் துள்ளியது, பல் கிட்டித்தது. 33இல் கல்லின்மேல் ஏறாமல் அதைத் தழுவிக்கொண்டு போனது. நேரமும் குறைந்தது. துள்ளும்போது மேலே போகிற பலம் முன்னால் போக உதவாது அல்லவா. இப்போது எனக்குப் பின்னால் 34, முன்னால் 31. அறுபது கிலோ ஆள் இன்னும் மூன்று குறைக்கலாம். பை கட்டினால் இரண்டு கூட்டுங்கள்.

பெருவிரலால் அமுக்கிப் பார்த்து காற்று சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். காற்று அளக்கும் சின்ன கேஜ் ஒன்று வாங்குங்கள். மண்டியில் தராசு இல்லாமல் கூடையைத் தூக்கிப் பார்த்து எடை சொல்வது மாதிரிதான் அது.

அக்டோபர் 20

ஒகேனக்கல் போய்வந்தேன். பாறைப் பயிற்சிக்கு நம் மாவட்டத்தில் அதைவிட நல்ல இடம் தெரியவில்லை.

பென்னாகரம் தாண்டியதும் ரோடு காட்டுக்குள் இறங்கும். பிரேக்கை விட்டுவிட்டுப் பிடியுங்கள், தொடர்ந்து அழுத்தினால் டிஸ்க் சூடேறி சத்தம் போடும். கீழே ஆற்றங்கரைப் பாறைகளில் சைக்கிளைத் தூக்கி, தள்ளி, நான்கடி ஓட்டி, மறுபடி தூக்கி ஒரு மணி நேரம் கழித்தேன். சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு வழுக்குப் பாறையில் நடப்பதும் ஒரு பயிற்சிதான். கடலோரத்தில் இது நிச்சயம் தேவைப்படும் என்று தோன்றுகிறது. செருப்பின் அடி ரப்பர் மென்மையாக இருக்கட்டும்.

திரும்பும்போது ஒரு பெரியவர் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "ஒகேனக்கல் தண்ணி, தைரியமா குடி" என்றார். நம் பக்கத்து போர் தண்ணீரில் புளோரைடு அதிகம், பல்லில் பழுப்புக் கறையோடு எத்தனை பேரைப் பார்த்து வளர்ந்தோம். 2013இல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தபிறகுதான் காவிரித் தண்ணீர் கொட்டாய்களின் (சிற்றூர்களின்) குழாய்க்கு வந்தது. நீண்ட தூரம் போகிறவர்கள் குழாய் எங்கே என்று கேட்டு நிரப்பிக்கொள்ளுங்கள்.

அஞ்செட்டி, பிலிகுண்டுலு பக்கம் காட்டுக்குள் குறுக்குவழி இருக்கிறதா என்று இரண்டு பேர் கேட்டார்கள். வேண்டாம். அது காவிரி வடக்கு வன உயிரின சரணாலயம், யானை நடமாடும் இடம். சைக்கிளுக்குச் சத்தம் கிடையாது, நாம் வருவது யானைக்குத் தெரியாது. வனத்துறை அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் இறங்காதீர்கள், பொது ரோட்டிலும் பொழுது சாய்ந்தபின் போகாதீர்கள்.

டிசம்பர் 6

இந்த வாரம் சைக்கிள் பேச மனசில்லை. ஃபெங்கல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். ஏரி நிரம்பி வழிந்து, ரோட்டோரம் நின்ற வேன்களைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனதை எல்லாரும் பார்த்தீர்கள். அரூர்ப் பக்கம் என் சித்தி வீட்டுக்கு அரிசியும் மருந்தும் கொண்டுபோக வேண்டியிருந்தது. பஸ் போகும் இடம் வரை பஸ், அதற்கப்புறம் சைக்கிள். ரோட்டில் கிராவல் மொத்தமும் அரித்துப் போய் அடியிலிருந்த கருங்கல் மட்டும் பல் மாதிரி நின்றது. சேறு படிந்த இடங்களில் டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே மண் அடைத்துச் சக்கரம் சுற்றவில்லை, குச்சியால் நோண்டி நோண்டிப் போனேன். சித்தி வாசலில் நின்றபடி, "இதுலயா வந்த?" என்று கேட்டுவிட்டுச் சைக்கிளைத் தொட்டுப் பார்த்தார்.

2025 ஜனவரி 12

தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை, மார்ச்சுக்குத் தள்ளிவிட்டாராம். ஆனால் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. நானே போகிறேன். கூட என் மைத்துனர். பெங்களூரிலிருந்து நம் ஊர் வழியாக நாகர்கோவில் போகும் இரவு ரயில். இரண்டு சக்கரத்தையும் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி, பழைய போர்வையில் சுற்றிக் கட்டினால் சைக்கிள் சீட்டுக்கு அடியில் போய்விடுகிறதா என்று வீட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். பெடலையும் கழற்றினால்தான் போகிறது. இடது பெடல் மரை எதிர்ப்பக்கம் திரும்பும், மறந்துவிடாதீர்கள்.

ஜனவரி 23

போய்விட்டு ஊர் திரும்பிவிட்டோம். நிறைய இருக்கிறது, நினைவு வந்த வரிசையில் எழுதுகிறேன்.

காலையில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் ரயில் நுழையும்போது ஜன்னல் முழுக்கக் காற்றாலை. முப்பந்தல் பக்கம். ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தக் கணவாயில் வீசும் காற்றை நம்பித்தான் அத்தனையும் நிற்கின்றன. வீசும் காற்றைப் பற்றி இந்த இழையில் ஒரு வரிகூட நான் எழுதவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

கன்னியாகுமரியிலிருந்து மேற்கே மணக்குடி, பள்ளம், ராஜாக்கமங்கலம் துறை, முட்டம், கடியப்பட்டினம், மணவாளக்குறிச்சி, குளச்சல். இரண்டு நாளாகப் பிரித்து ஓட்டினோம். மணக்குடியில் காயல் கடலில் சேரும் இடத்தில் பாலம். 2004 சுனாமியில் பழைய பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது, இது பிறகு கட்டியது. பாலத்தின் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தோம். ஒரு பக்கம் அசையாத தண்ணீர், ஓரத்தில் அலையாத்திச் செடிகள். மறுபக்கம் கடல்.

ஊர்களுக்குள் கடலரிப்புக்குப் போட்ட பெரும் பாறைச் சுவரை ஒட்டி சிமென்ட் பாதை போகிறது. அதன்மேல் காற்று கொண்டுவந்து கொட்டிய மணல் விரலளவு படிந்திருக்கும். கண்ணுக்கு சிமென்ட், சக்கரத்துக்கு எண்ணெய். மைத்துனர் இரண்டு முறை விழுந்தார், முழங்கை உரிந்தது. நம் ஊர் ஜல்லி உருளும், ஆனால் உருளுகிறது என்று முன்கூட்டியே சத்தம் சொல்லும். மணல் சத்தமே போடாது.

காய்ந்த மணலில் 31 பி.எஸ்.ஐ. எதற்கும் உதவவில்லை. 22க்கு இறக்கினேன், அப்போதும் இருபதடி, முப்பதடி. அதற்குமேல் இறங்கித் தள்ள வேண்டியதுதான். அலை நனைத்துவிட்டுப் போன ஈர மணல் வேறு. கெட்டியாக, லேசாகப் பள்ளம் விழுந்து, மெத்தையில் ஓட்டுவதுபோல இருக்கும். மணவாளக்குறிச்சிப் பக்கம் அந்த மணல் கறுப்பு. இல்மனைட், கார்னெட், மோனசைட் எல்லாம் கலந்த கனிம மணல், மத்திய அரசின் ஆலையே அங்கே இருக்கிறது. கையில் அள்ளினால் சாதாரண மணலைவிடக் கனக்கிறது.

முட்டத்தில் பாறை. கலங்கரை விளக்கத்துக்குக் கீழே கடலுக்குள் இறங்கும் பெரும் பாறைகளைப் பார்த்ததும் எனக்கு ஒகேனக்கல் ஞாபகம். தோளில் சைக்கிள், மென் ரப்பர் செருப்பு, வழுக்கு எங்கே என்று பார்க்கும் கண், எல்லாம் அப்படியே கைகொடுத்தது. அந்தப் பக்கம் செம்மண் தேரியும் (மணல்மேடு) உண்டு. நிறத்தைப் பார்த்து நம் ஊர் மண் என்று நம்பிச் சக்கரத்தை விட்டேன். அரை அடி புதைந்தது. அதன் பெயர்தான் செம்மண், அது செம்மணல்.

ஒரு குறுகிய பாதை முழுக்க வலை விரித்து நெத்திலி காயப்போட்டிருந்தார்கள். ஓரமாக ஒரு சைக்கிள் போகும் இடைவெளி இருந்தது, ஓட்டியே போய்விடலாம் என்று நினைத்தேன். காக்கை விரட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டி, "மக்களே, எறங்கி உருட்டிட்டுப் போ, மண்ணு தெறிக்கும்" என்றார். அவர் சொன்னது சரி. காயும் மீனில் மணல் ஒட்டினால் யார் வாங்குவார்கள்? நம் ஊரில் ரோட்டில் கேழ்வரகு காயப்போட்டிருந்தால் நாமும் அதைத்தானே சொல்வோம். உருட்டிக்கொண்டு போனோம். எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். தர்மபுரி என்றோம். "அங்க கடல் உண்டா?" என்றார். இல்லை என்றதும் கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துவிட்டு, ஒரு பிடி நெத்திலியைக் காகிதத்தில் கட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

ஜனவரி 24

அங்கே வீசிய கடற்காற்றைப் பற்றி எழுதாமல் விட்டுவிட்டேன். காலை பத்து மணிவரை தொந்தரவில்லை. பதினொன்றுக்கு மேல் கடலிலிருந்து குறுக்கே அடித்தது. எதிர்க்காற்றைவிட இது மோசம், சைக்கிளை ஒரு பக்கம் சாய்த்தபடியே ஓட்ட வேண்டும், சுவர் மறைத்ததும் சட்டென்று காற்று நின்று நாம் கடல்பக்கம் சரிவோம். அலைந்து கற்றது: விடியலில் கிளம்பி பத்தரைக்குள் முடித்துவிடுங்கள்.

ஜனவரி 26

உப்பு. வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் செயினைப் பார்த்தால் ஆரஞ்சு நிறப் பொடி. அங்கே லாட்ஜ் வாசலில் ஒரு வாளி நல்ல தண்ணீரில் கழுவித்தான் ரயில் ஏறினோம், போதவில்லை.

செயினுக்கு எண்ணெய் தாராளமாகப் போடுங்கள் என்று முன்பு ஒருவருக்குத் தனியாகச் சொல்லியிருந்தேன். நம் ஊர்ப் புழுதிக்கே அது அவ்வளவு நல்லதல்ல, கடலோரத்துக்குச் சுத்தமாக ஆகாது. எண்ணெயில் மணல் ஒட்டி அரைக்கும் மாவாகிவிடுகிறது. இரண்டாம் நாள் என் செயின் காபிக்கொட்டை அரைப்பதுபோல் சத்தம் போட்டது. மைத்துனர் மெழுகு போட்ட செயினோடு வந்தார், அவருக்கு மணல் உதிர்ந்துபோனது. கழுவுவதென்றால் பீய்ச்சி அடிக்காதீர்கள், பேரிங்குக்குள் உப்புத் தண்ணீரைத் தள்ளிவிடும். குவளையில் மொண்டு ஊற்றி, துணியால் துடைத்து, நிழலில் காயவிடுங்கள். ஸ்போக்ஸ் கம்பி ரிம்மில் நுழையும் இடத்தை ஒவ்வொன்றாகத் துடையுங்கள், அரிப்பு அங்கேதான் ஆரம்பிக்கும்.

பிப்ரவரி 9

மண்டி இன்று மந்தம், விலை இல்லை. தக்காளிக்கூடைகள் நடுவே உட்கார்ந்து முதல் குறிப்பிலிருந்து படித்துப் பார்த்தேன். "நிச்சயமாக உதவும்" என்று தொடங்கியிருக்கிறேன். கடலைப் பார்க்காமல் எழுதிய வார்த்தை அது.

கையும் கண்ணும் பழகியது உதவியது. தளர்ந்த பிடி, பத்தடி முன் பார்வை, பாறையில் தூக்கி நடப்பது. கடற்காற்று, மணல், உப்பு மூன்றுக்கும் நம் ஊரில் பயிற்சியே கிடையாது. மணலுக்கு மட்டும் ஓரளவு வழி உண்டு. தென்பெண்ணையிலோ சின்னாற்றிலோ தண்ணீர் வற்றிய மாதத்தில் ஆற்றோர மணல் திட்டில் ஓட்டிப் பாருங்கள். நேற்று சின்னாற்றில் செய்தேன். பெடலை உதைக்காமல் உருட்டி மிதித்தால், உடம்பைப் பின்னால் வைத்தால், நாற்பதடி வரை போகிறது.

ஈர மணல் சுகம் என்று எழுதியதற்கும் ஒரு எச்சரிக்கை சேர்க்கிறேன். 2024 மே மாதம் கணபதிபுரம் பக்கம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாட்கள் அவை. உள்ளூரில் காற்றோ மழையோ இல்லாமல், எங்கோ தூரத்தில் எழுந்த அலை திடீரென்று கரையேறும். வானத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நாம் ஏரியும் ஆறும் பார்த்து வளர்ந்தவர்கள், தண்ணீர் எப்படி ஏறும் என்று நமக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு அங்கே செல்லாது. அன்றன்று காலையில் கரையில் படகு பக்கம் நிற்கிறவர்களிடம் கேளுங்கள். அவர்கள் போகாதே என்றால் சிமென்ட் பாதையோடு நின்றுகொள்ளுங்கள்.

மார்ச் 2

தம்பி, நீங்கள் கேட்ட காற்றுக் கணக்கு. உங்கள் எடை 65 என்கிறீர்கள். நம் ஊரில் பின்னால் 32, முன்னால் 29. அங்கே சிமென்ட் பாதைக்கு அதையே வையுங்கள், மணல் வந்தால் 22. சின்னக் கைப்பம்ப் கட்டாயம், இறக்கிய காற்றை மறுபடி ஏற்ற வேண்டும். மார்ச்சில் வெயில் ஏறிவிடும், இன்னும் சீக்கிரம் கிளம்புங்கள்.

மார்ச் 23

தம்பி நேற்று பாலக்கோட்டுக்கு வந்தார். மணக்குடியிலிருந்து முட்டம் வரை மட்டும் ஓட்டியிருக்கிறார், கடல் கலங்கியிருந்ததால் ஈர மணலில் இறங்கவில்லையாம். நல்லது. நெத்திலி காயும் பாதை இப்போதும் இருக்கிறதா என்று கேட்டேன். சாளை காய்ந்துகொண்டிருந்ததாம், இறங்கி உருட்டிக்கொண்டு போனாராம்.

அவர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி முன் சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். அச்சிலிருந்து கரகரவென்று சத்தம். பேரிங்கைப் பிரித்தால் உள்ளே கறுப்பாக நாலைந்து மணல். துடைத்து கிரீஸ் வைத்து மூடினோம். ஒரு மணி நேரம் ஆனது. அடுத்த ஞாயிறு காலை ஐந்தரைக்கு மாரண்டஅள்ளியிலிருந்து பஞ்சப்பள்ளி. வருகிறவர்கள் வரலாம், கேஜ் நான் கொண்டுவருகிறேன்.